அந்த ஃபைலை அடுப்பில் போடாதீர்கள்!

ஒரு தப்பை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். தப்பு என்னுடையது.

சில வருஷங்களுக்கு முன்பு, பழநிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கீரனூரில் (புதுக்கோட்டைப் பக்கமும் ஒரு கீரனூர் உண்டு, அது வேறு) என் வைத்தியசாலைக்கு ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை அவள் அம்மாவும் கணவரும் அழைத்து வந்தார்கள். தலைப்பிரசவம். இரண்டு காலும் வீங்கியிருந்தது. "நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்குதுங்கய்யா" என்றாள் அந்தப் பெண்.

நாடி பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டையும் பார்த்தேன். மாசம் ஏற ஏறக் கால் வீங்குவதும் மூச்சு வாங்குவதும் சகஜம்தானே? வழக்கம்போல நெருஞ்சில் குடிநீர் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எட்டாம் நாள் திரும்பி வந்தார்கள். ராத்திரி படுக்க முடியவில்லையாம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாளாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இதுக்கு முன்னாடி பெருசா ஏதாவது சீக்கு வந்து ஆஸ்பத்திரியில இருந்தாளாம்மா?" என்று கேட்டேன். அம்மா வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளையை டீ வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"ஆறு வயசுல ரத்தத்துல புத்துன்னு சொன்னாங்க. ரெண்டு மூணு வருஷம் வைத்தியம் பாத்து நல்லாயிருச்சுங்க. கல்யாணம் நிச்சயமானதும் அந்த ஃபைலை அடுப்புல போட்டுட்டோம்."

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். நல்ல இதயம் ஒரு துடிப்பில், தன்னிடம் சேர்ந்த ரத்தத்தில் 100க்கு 55 முதல் 70 பங்கை வெளியே தள்ளும். அவளுக்கு அது 30. நாள் நிறைவதற்கு முன்பே குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்றும் அவள் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள்.

விஷயம் தெரிந்த பிறகு மாப்பிள்ளை என்னிடம் கேட்டார்: "ரத்தத்துல வந்த நோய்தானுங்களே? அதுவும் சின்ன வயசுல வந்து போனது. இப்ப இதயம் ஏனுங்க கெட்டுப்போச்சு?"

நியாயமான கேள்வி. நம் வீடுகளில் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயமும்கூட.

நோயே இதயத்தைத் தொடும்

ரத்தப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரு பெரிய குடும்பம். வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் லுக்கேமியா, நெறிகட்டிகளில் வரும் லிம்ஃபோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்று பல கிளைகள். இவை ஒவ்வொன்றும் இதயத்தை ஒவ்வொரு வழியில் தொடும்.

லுக்கேமியாவில் சிவப்பணு குறைந்து சோகை வரும். இருக்கிற கொஞ்ச ரத்தத்தை வைத்து உடம்பு முழுக்கப் பிராணவாயு கொடுக்க வேண்டுமே! இதயம் வேகமாக ஓடி ஓடிக் களைத்துப்போகும். வெள்ளணு லட்சத்தைத் தாண்டினால் ரத்தமே குழம்பாகி, நுரையீரலிலும் மூளையிலும் உள்ள நுண்ணிய குழாய்களை அடைத்துவிடக்கூடும்.

மைலோமா உள்ளவர்கள் சிலருக்கு 'அமிலாய்டு' என்ற புரதம் இதயத் தசையில் போய்ப் படியும். தசை விறைத்துப்போய், விரிய வேண்டிய நேரத்தில் விரியாது.

பாலிசைத்தீமியா வீரா என்று ஒன்று இருக்கிறது. மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய் வகை. இதில் சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும். ஊரில் என்ன சொல்வோம்? "ஆளைப் பாரு, முகத்துல ரத்தம் சொட்டுது!" என்று சந்தோஷப்படுவோம். ஆனால் அந்த ரத்தம் கெட்டியாகி இதயத்திலோ மூளையிலோ உறைந்து அடைத்துக்கொள்ளும். முகம் செக்கச்செவேலென்று இருக்கிறது, குளித்ததும் உடம்பெல்லாம் அரிக்கிறது, ஹீமோகுளோபின் 18, 19 என்று வருகிறது என்றால் உடனே ரத்தநோய் டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் மாரடைப்பும் பக்கவாதமும் வெகுவாகக் குறைகின்றன என்று 2013ல் இத்தாலிய டாக்டர்கள் ஆய்வு செய்து காட்டினார்கள். இவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரும்புச்சத்து டானிக் குடிப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற கதைதான்.

புற்றுநோய் என்று ஆகாத நிலையிலேயேகூடத் தொந்தரவு உண்டு. வயதாக ஆக, சிலருடைய மஜ்ஜையில் மரபணு மாறிய அணுக்கள் ஒரு கூட்டமாகப் பெருகுகின்றன. இப்படி உள்ளவர்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது என்று 2017ல் அமெரிக்காவில் கண்டார்கள். ரத்தமும் ரத்தக்குழாயும் ஒன்றை விட்டு ஒன்று தனியே வாழ்வதில்லை பாருங்கள்.

உயிர் காத்த சிவப்பு மருந்து

அந்தப் பெண்ணின் இதயத்தைத் தளர்த்தியது எது? ஃபைல் சாம்பலாகிவிட்டதால் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் சந்தேகப்பட்டது ஒரு மருந்தை. எக்கோவில் தெரிந்ததும் அதற்குப் பொருந்தித்தான் இருந்தது.

டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தாலியில் ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்துகள். மாணிக்கம்போலச் சிவப்பாக இருக்கும். "சிவப்பு மருந்து ஏத்துனாங்க" என்று நோயாளிகளே அடையாளம் சொல்வார்கள்.

இந்த மருந்து இல்லாவிட்டால் அந்தப் பெண் கல்யாண வயதுக்கே வந்திருக்க மாட்டாள். அதை மறந்துவிடக் கூடாது. 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும், மும்பை டாடா ஆஸ்பத்திரியும், டில்லி எய்ம்ஸும் 1980களில் குழந்தைகளின் லுக்கேமியாவுக்கு ஒரே மாதிரியான சிகிச்சை முறையைக் கையாளத் தொடங்கின. அதில் டானோரூபிசினும் ஒன்று. அதற்கு முன்பு போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்தார்கள். அப்படிப் பிழைத்தவர்கள் இன்று முப்பதும் நாற்பதும் வயதானவர்கள். வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். நம் பக்கத்து வீட்டில்கூட இருக்கலாம்.

ஆனால் இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. இதயத் தசையின் அணுக்களையும் அது தாக்கும். தோல் புதுசாக வளர்கிற மாதிரி இதயத் தசை வளர்வதில்லை. போனது போனதுதான். மருந்து கூடக்கூட ஆபத்தும் கூடும். வேறு புற்றுநோய்களுக்கு டாக்ஸோரூபிசின் பெற்றவர்களை ஆராய்ந்து 2003ல் வெளியான கணக்கு இது: உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் பெற்றவர்களில் 100க்கு 5 பேருக்கு இதயத் தளர்ச்சி, 550 பெற்றவர்களில் 26 பேருக்கு, 700 பெற்றவர்களில் 48 பேருக்கு. அதனால்தான் இந்த மருந்துக்கு ஆயுளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். குழந்தைகளின் இதயம் இன்னும் மென்மையானது. அவர்களுக்கு 250க்கு மேல் போனாலே ஆபத்து அதிகம் உள்ளவர்கள் என்று கணக்கு.

பாதிப்பு உடனே தெரிந்துவிட்டால் பரவாயில்லை. பத்து, இருபது வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, இதயத்துக்கு வேலை கூடும்போது தலைகாட்டும். பிரசவம் அப்படிப்பட்ட வேலை. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவே கிட்டத்தட்டப் பாதி கூடுகிறது. அத்தனையையும் அந்தப் பலவீனமான இதயம் தள்ள வேண்டும்.

மார்பில் கதிர்வீச்சு பெற்ற லிம்ஃபோமா நோயாளிகளும் இதே கணக்கில் வருகிறவர்கள்தான். கதிர் பட்ட ரத்தக்குழாயும் வால்வும் பல வருஷம் கழித்துச் சுருங்கலாம், தடிக்கலாம். நாற்பது வயதில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து, சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை, பிறகு எப்படி என்று குழம்பினால், இருபது வயதில் மார்பில் கரன்ட் வைத்தார்களா என்று கேட்க வேண்டும்.

நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாவுக்கு இப்போது மாத்திரையே போதும். 2001ல் வந்த இமாட்டினிப் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதே வரிசையில் பின்னால் வந்த நிலோடினிப், பொனாடினிப் மாத்திரைகள் சிலருக்குக் கால், இதயம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களை அடைக்கின்றன. இவற்றைச் சாப்பிடுகிறவருக்கு நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விடுகிறது என்றால் "வாயு" என்று தைலம் தேய்க்க என்னைப் போன்றவர்களிடம் வராதீர்கள். மாத்திரை எழுதிய டாக்டரிடம் ஓடுங்கள். அதேபோல மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

பாஷாணம் சொல்லும் பாடம்

"நீங்க சித்த வைத்தியர். எங்ககிட்ட இல்லாத மருந்தா என்று சொல்லாமல், இங்கிலீஷ் மருந்துக்குக் கொடி பிடிக்கிறீங்களே?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு கதை. நிஜக் கதை.

சித்த மருத்துவக் கல்லூரியில் பாஷாணங்கள் 64 என்று படித்தோம். அதில் வெள்ளைப் பாஷாணமும் ஒன்று. அதைத்தான் வேதியியலில் ஆர்சனிக் டிரையாக்ஸைடு என்கிறார்கள். 1970களில் சீனாவில் ஹார்பின் நகர டாக்டர்கள், ஒரு நாட்டு வைத்தியர் கையாண்ட மருந்தை ஆராய்ந்தார்கள். அதில் ஆர்சனிக், பாதரச உப்பு, தேரை விஷம் எல்லாம் கலந்திருந்தது. எது வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்து ஆர்சனிக்கைப் பிடித்தார்கள். புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற, ரத்தம் கொட்டி ஆளைச் சில நாட்களில் கொன்றுவிடும் ஒரு வகைக்கு அது அருமருந்தானது.

நம் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 1998 முதல் 2004 வரை இந்த நோய் வந்த 72 பேருக்கு ஆர்சனிக் ஒன்றை மட்டுமே முக்கிய மருந்தாகக் கொடுத்தார்கள். 62 பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. அதை 2006ல் உலகமே படித்தது. செலவு தாங்காத ஏழைகளுக்கு இது பெரிய வரம். 2013ல் இன்னொரு நல்ல செய்தி: ஆபத்து குறைந்த நோயாளிகளுக்கு ஆர்சனிக்கும், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஒரு மருந்தும் சேர்ந்தாலே போதும், அந்தச் சிவப்பு மருந்து தேவையில்லை என்று ஐரோப்பிய ஆய்வு காட்டியது. இதயத்துக்கு ஒரு பாரம் குறைந்தது.

"பாத்தீங்களா, எங்க பாஷாணம்!" என்று நாங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆர்சனிக்கும் இதயத்தைச் சும்மா விடாது. இதயத்தின் மின்னோட்டத்தை அது தாமதப்படுத்தும். இ.சி.ஜி.யில் க்யூ.டி. என்று ஒரு இடைவெளி நீளும். மிகவும் நீண்டால் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் சுத்தமான மருந்தை எடை போட்டு நரம்பில் ஏற்றி, அடிக்கடி இ.சி.ஜி. எடுத்து, ரத்தத்தில் பொட்டாசியம் 4க்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

"வேலூர்ல குடுக்கறதும் பாஷாணம், நான் குடுக்கறதும் பாஷாணம்" என்று யாராவது பொட்டலம் மடித்துக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அவரிடம் தராசு இருக்கலாம். இ.சி.ஜி. இருக்காது.

எங்கள் மருந்தையும் சொல்லிவிடுங்கள்

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறவர்கள் எங்களிடம் வருகிறார்கள். வாய்ப்புண், பசியின்மை, மலச்சிக்கல், தூக்கமின்மை என்று வருவார்கள். வரட்டும். ஆனால் அங்கே சொல்லாமல் இங்கே, இங்கே சொல்லாமல் அங்கே என்று வராதீர்கள்.

இருமலுக்கு வெகுளியாக வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆர்சனிக் ஏறிக்கொண்டிருக்கிறவருக்கு அது எத்தனை ஆபத்து என்று இப்போது உங்களுக்கே புரியும். வருஷத்துக்கு ரெண்டு தடவை வயிறு கழுவ வேண்டும் என்று பேதி மருந்து சாப்பிடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பேதியானாலும் பொட்டாசியம் போகும். மிளகு, திப்பிலியில் உள்ள பைப்பரின் வேறு சில மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டக்கூடியது. ரசத்தில் போடுகிற மிளகைச் சொல்லவில்லை. சூரணமாக வேளாவேளைக்குச் சாப்பிடுவதைச் சொல்கிறேன்.

மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம். ஆனால் "பட்டைக் கஷாயம் குடிக்கிறேன், எக்கோ வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கஷாயம் அளவுகோல் ஆகாது.

இன்னொன்று. நெஞ்சு வலி என்றால் ஆஸ்பிரினை மெல்லு என்று டி.வி.யில் கேட்டிருப்பீர்கள். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறவருக்குத் தட்டணு குறைந்திருந்தால் அதே ஆஸ்பிரின் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். அவசரத்தில் போனாலும் "இவருக்கு ரத்தப் புற்றுநோய்" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

அந்த அம்மாவை நான் திட்டவில்லை. மனசு வரவில்லை. பெண்ணுக்கு இப்படி ஒரு நோய் வந்தது என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்ற பயம். மறைத்தது அவர் தப்பு என்றால், மறைக்க வைத்தது நாம் எல்லோரும்தான். ரத்தப் புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது. பெரும்பாலும் பரம்பரையாகவும் வராது. குணமானவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம், பலர் நல்லபடியாகப் பிள்ளையும் பெறுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கர்ப்பத்துக்கு முன்பும் கர்ப்பத்தின் தொடக்கத்திலும் இதயப் பரிசோதனை. புற்றுநோயும் இதயமும் பற்றி ஐரோப்பிய இதய மருத்துவர்கள் முதன்முதலாக 2022ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது.

அந்த மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா முன்னாடியே பாத்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். நம் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடப் பெரிய மனசுக்காரர்கள்.

ஆகவே என் கோரிக்கைகள் இவைதான்.

வீட்டாருக்கு: ஃபைலைப் பத்திரமாக வையுங்கள். நிலப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். என்ன மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம், மார்பில் கதிர்வீச்சு உண்டா, கடைசி எக்கோ எப்போது என்று ஒரே தாளில் தமிழில் எழுதித் தரும்படி டாக்டரைக் கேளுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் அந்தத் தாளை அவன் கையிலோ அவள் கையிலோ கொடுத்துவிடுங்கள். குழந்தைப் பருவத்தில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 2 வருஷத்துக்கு ஒருமுறையும், நடுத்தரமானவர்களுக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறையும் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். வலிக்காத பரிசோதனை. இதற்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டியதில்லை. பழநி, திண்டுக்கல் போன்ற ஊர்களிலேயே எடுக்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பதும், புகையிலையைத் தொடாமல் இருப்பதும் மற்றவர்களைவிட இவர்களுக்கு இரண்டு பங்கு அவசியம்.

புற்றுநோய் டாக்டர்களுக்கு: "நல்லாயிருச்சு, போயிட்டு வாங்க" என்று அனுப்பும் நாளில் இதயத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுங்கள்.

எங்கள் சித்த வைத்தியர்களுக்கு: மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று யார் வந்தாலும், சூரணத்தை எடுப்பதற்கு முன்னால் "முன்னாடி என்ன நோய்?" என்று கேளுங்கள். தனியாக அழைத்துக் கேளுங்கள். நான் முதல் நாளே கேட்டிருந்தால் எட்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

கடைசியாக ஒன்று. ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், போன தைப்பூசத்துக்குப் பழநி மலையில் யானைப்பாதையில் எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், இந்த வருஷம் எத்தனை இடத்தில் நிற்கிறார் என்று கவனியுங்கள். படுத்தால் இருமல், இரண்டு தலையணை இல்லாமல் தூக்கமில்லை, மாலையில் செருப்பு இறுக்குகிறது, நாலைந்து நாளில் இரண்டு கிலோ எடை கூடிவிட்டது, நெஞ்சு படபடக்கிறது என்றால் "அசதி" என்று விட்டுவிடாதீர்கள். ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு இதய டாக்டரிடம் போங்கள்.

ஃபைல் இல்லையென்றாலும் போங்கள். வாய் திறந்து சொல்லுங்கள்.